சுற்றுலாவும் தண்ணீரும்: பிள்ளைக்குப் பொறுப்பாளர் யார்?

 

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளை ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டும். அதில் போகும் ஊர், கட்டணம், புறப்படும் நேரம் இருக்கும்; கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கட்டணத்தைப் பார்க்கிறோம், சாப்பாடு உண்டா என்று கேட்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம். போகிற வழியில் ஆறோ, அருவியோ, கடலோ, படகோ உண்டா, அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இந்த இதழின் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

நடந்தவை சொல்லும் பாடம்

2023 பிப்ரவரி 15 அன்று கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி நான்கு பள்ளி மாணவிகள் இறந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அவர்கள். கால்பந்துப் போட்டிக்காக ஆசிரியர்களுடன் வெளியூர் வந்தவர்கள். பயணத்தின் நோக்கம் விளையாட்டு. ஆறு அதன் இடையில் வந்தது. பள்ளியின் தலைமை ஆசிரியரும் ஆசிரியர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதரா நகரில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகளின் படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றப்பட்டிருந்தது. உயிர்காப்புச் சட்டை எல்லாருக்கும் இல்லை.

2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டிருந்தது. அவர்கள் இறங்கியபோது ஆறு அமைதியாகத்தான் இருந்தது.

ஓரிடத்தில் ஆறு, ஓரிடத்தில் ஏரி, ஓரிடத்தில் அணை நீர். மூன்றிலும் பெரியவர்கள் உடன் இருந்தார்கள். பெரியவர்கள் உடன் போவது ஒன்று. தண்ணீருக்கு என்று ஒருவர் பொறுப்பேற்பது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ஆம் ஆண்டு பஞ்சாபில் பதான்கோட் அருகே உள்ள ஒரு தனியார் பள்ளி, பிள்ளைகளைப் பியாஸ் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனது. 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2001 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமும் பொறுப்பு என்று நீதிமன்றம் உறுதி செய்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உத்தரவும் நிலைத்தது. 2014 விபத்திலும், மின்வாரியத்தோடு கல்லூரியும் இழப்பீட்டில் பங்கு ஏற்க வேண்டும் என்று இமாச்சல உயர் நீதிமன்றம் சொன்னது.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் குற்றமும் ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை சொல்கிறது.

இங்கே பெற்றோர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் போடும் கையெழுத்து பிள்ளையை அழைத்துப் போக அனுமதி. கவனக்குறைவாக இருந்துகொள்ளலாம் என்ற அனுமதி அல்ல.

அமானிதமும் விதியும்

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். ஒரு பவுன் நகையை ஒப்படைத்தால் எங்கே வைத்தோம், யார் கையில் கொடுத்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறோம். நாற்பது பிள்ளைகள் ஒப்படைக்கப்படும்போது அந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டாமா? தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்பது சிறுவயதிலிருந்து நாம் கேட்டு வளர்ந்த போதனை.

விபத்து நடந்த வீட்டில், “அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள்” என்று ஆறுதல் சொல்கிறோம். தண்ணீரில் மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் நினைவூட்டுகிறோம். பிள்ளையை இழந்த தாய்க்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதல் தாய்க்கு உரியது. கயிறு எடுத்துப் போகாதவரும், படகில் கூடுதலாக ஆள் ஏற்றியவரும், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அதைத் தங்கள் சமாதானமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல். நடந்தது என்ன என்று விசாரிப்பது விதியை மறுப்பது ஆகாது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பதே அந்த விசாரணை.

“எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்”

விபத்துக்குப் பின் அடிக்கடி கேட்கும் சொல் இது. எல்லாரும் பார்ப்பது என்றால், அடுத்தவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் நினைப்பதில்தான் முடிகிறது. ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பார், ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் பஸ் டிரைவரிடம் பேசிக்கொண்டிருப்பார்.

மூழ்குகிறவர் கூச்சல் போடுவார், கையை அசைப்பார் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடவே வாய் போதாதபோது கத்த முடியாது. தலை பின்னால் சாயும், வாய் நீர்மட்டத்தில் வந்து வந்து போகும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். பார்ப்பவருக்குப் பிள்ளை விளையாடுவது போலவே தோன்றும். ஒரு நிமிடத்துக்குள்ளேயே பிள்ளை உள்ளே போய்விடலாம்.

எனவே தண்ணீர் அருகே இறங்குவதற்கு முன்பே பெயர் சொல்லி ஆள் நியமிக்க வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கூடாது, கையில் போன் கூடாது. அவர் ஓய்வெடுக்க வேண்டுமானால் இன்னொருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்ற பிறகே நகர வேண்டும். பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவரை ஒருவர் கவனிக்கச் சொல்லி, அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. வழியில் நிற்கும் இடங்கள் எல்லாம் சீட்டில் எழுதப்பட்டுள்ளதா? எழுதாத இடத்தில் தண்ணீரில் இறங்கமாட்டோம் என்று பள்ளி உறுதி சொல்கிறதா?
2. தண்ணீர் உள்ள இடமானால், அங்கே கண்காணிப்பவரின் பெயர் என்ன? அவருக்கு நீச்சல் தெரியுமா?
3. படகுப் பயணம் உண்டா? ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அளவுக்கு ஏற்ற உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? படகில் எத்தனை பேர் ஏறலாம்?
4. கயிறு, மிதவை, முதலுதவி தெரிந்தவர் உடன் வருகிறார்களா?
5. மேலே அணை இருந்தால், தண்ணீர் திறப்பு பற்றி அன்று காலை விசாரிப்பவர் யார்?

நம் பங்கும் உண்டு. பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பதையும், வலிப்போ ஆஸ்துமாவோ இருந்தால் அதையும் பள்ளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். “கால் நனைக்க மட்டும்” என்று பிள்ளைகள் கெஞ்சும்போது மறுக்கும் ஆசிரியர் கடுமையானவர் என்று பெயர் வாங்குவார். அவர் பக்கம் நிற்க வேண்டியது பெற்றோராகிய நாம். “இவ்வளவு தூரம் போய் ஆற்றில் இறங்கவிடவில்லையாம்” என்று வாசலில் நின்று குறைபேசுவது, அடுத்த முறை அவர் சரி என்று சொல்வதற்குக் காரணமாகிவிடும்.

பெண் பிள்ளைகள்

நம் வீடுகளில் பையன்களாவது குளத்தில் நீந்தப் பழகியிருப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு குறைவு. நீண்ட உடையும் துப்பட்டாவும் நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். ஆகவே பெண் பிள்ளைகள் போகும் பயணத்தில் நீச்சல் தெரிந்த பெண் ஒருவர் உடன் வரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஜமாஅத்துகளும் டிரஸ்டுகளும் பெண் பயிற்றுநரைக் கொண்டு, தனி நேரத்தில், மறைவான இடத்தில் நீச்சல் கற்பிக்க ஏற்பாடு செய்தால் அது பெரிய சேவை.

இந்தக் கேள்விகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அல்ல. மதரஸா பிள்ளைகளை நாமே கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். டிரஸ்ட் நடத்தும் பயணத்துக்கும் இதே கணக்குத்தான்.

ஆபத்து நேர்ந்துவிட்டால்

உடனே குதிக்க வேண்டாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர், மூவர் என்று இறப்பது நம் ஆறுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கரையில் நின்றபடி கயிறு, கம்பு, துப்பட்டா எதையாவது நீட்டுங்கள். இறுக மூடிய காலித் தண்ணீர் கேன் மிதவையாகும், அதை எறியுங்கள். 108க்கு ஒருவர் போன் செய்யட்டும். வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதிலும், தலைகீழாகத் தூக்குவதிலும் நேரம் போக்கக் கூடாது. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதும், நெஞ்சின் நடுவில் அழுத்துவதும் உடனே தொடங்க வேண்டும். பிள்ளை கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் கலந்து பேச

• நம் பிள்ளையின் கடைசிப் பயணத்தில் தண்ணீர் இருந்ததா? யார் கண்காணித்தார் என்று நமக்குத் தெரியுமா?
• நண்பர்கள் இறங்கினாலும் “நான் வரவில்லை” என்று சொல்ல நம் பிள்ளைக்குப் பழக்கியிருக்கிறோமா?
• அடுத்த சீட்டு வரும்போது மேலே உள்ள ஐந்து கேள்விகளில் எதை முதலில் கேட்போம்?

பயணம் போகும் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. அவர்களைப் பொறுப்பேற்பவர்களுக்கு விழிப்பைத் தருவானாக. ஆமீன்.