நம்பிக்கைகளும் உண்மைகளும்: மலைக்காகப் பேசும் எம்.எல்.ஏ.

தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 இடங்களில் நீலகிரிக்கு உரியவை மூன்று: உதகமண்டலம், குன்னூர், கூடலூர். இந்த மூன்று தொகுதிகளின் உறுப்பினர்களில் யார் எழுந்து பேசினாலும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், மூன்று கவலைகளைச் சொல்லியாக வேண்டும். சீசனில் வந்து குவியும் சுற்றுலாக் கூட்டம், அந்தக் கூட்டம் விட்டுச்செல்லும் குப்பை, அது தங்கும் விடுதிகள் இழுக்கும் மின்சாரம். ஆனால் இவற்றைப் பற்றி நம்மிடையே உலவும் பல நம்பிக்கைகள் தவறானவை. அவை நியாயமான கோரிக்கைக்கு மக்கள் ஆதரவு கிடைக்காமல் செய்துவிடுகின்றன. அதனால்தான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: சட்டமன்றத்தில் பேசி என்ன ஆகப்போகிறது?

உண்மை: கேள்வி நேரத்தில் அமைச்சர் சொல்லும் பதில் அவைக் குறிப்பில் ஏறுகிறது. ‘செய்து தருகிறோம்’ என்று அவர் சொன்னால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே அவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அவையில் சொன்ன சொல் ஆணையாக மாறியதற்கு ஒரு சான்று பிளாஸ்டிக் தடை. 2018 ஜூன் 5 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவை விதி 110இன்கீழ் அதை அறிவித்தார். அதே மாதம் 25ஆம் தேதி அரசாணை வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தடை நடப்புக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலி மதுபாட்டில்களைத் திரும்பப் பெறும் திட்டமும், மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸும் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வந்தன. மக்கள் பிரதிநிதிகள் முன்பே வலியுறுத்திப் பெற்றிருக்க வேண்டியவை இவை. உறுப்பினர்கள் பேசியது போதாது என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம்.

நம்பிக்கை: இ-பாஸ் சுற்றுலாவை ஒழித்துவிடும்.

உண்மை: 2024 மே 7 அன்று இ-பாஸ் தொடங்கியபோது அதில் உச்சவரம்பே கிடையாது. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. எத்தனை வண்டி ஏறுகிறது என்று கணக்கெடுப்பதே முதல் நோக்கம். சீசனில் ஒரு நாளைக்கு சுமார் 11,500 கார்கள், 1,300 வேன்கள், 637 பேருந்துகள், 6,500 இருசக்கர வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டிருந்தது. கூட்டினால் ஏறக்குறைய 20,000. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7,35,394 தான். அவர்களுக்காகப் போட்ட குறுகிய மலைச்சாலைகளில்தான் இத்தனை வண்டிகளும் ஏறி இறங்க வேண்டும். ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் வர வேண்டும்.

2025 கோடை சீசனில்தான் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. இந்த வரம்பு வண்டிகளுக்கு மட்டுமே, ஆட்களுக்கு இல்லை. நான்கு பேர் காரில் வருவதும் ஐம்பது பேர் பேருந்தில் வருவதும் சாலைக்கு ஒன்றல்ல. ஆகவே எம்.எல்.ஏ. கேட்க வேண்டியது இ-பாஸை நீக்கச் சொல்லி அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து கூடுதல் பேருந்துகள் வேண்டும், மலை ஏறிய பிறகு ஊர் சுற்றிப் பார்க்கச் சிற்றுந்துகள் வேண்டும் என்றுதான் அவர் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: தொகுதி நிதியை ஒதுக்கினால் குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உண்மை: ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு ரூ.3 கோடி. அது கட்டடம், சாலை, கருவி போன்ற நிலையான சொத்துகளுக்கானது. தூய்மைப் பணியாளரின் மாதச் சம்பளத்தையோ குப்பை வண்டியின் டீசல் செலவையோ அதிலிருந்து தர முடியாது. குப்பையை அன்றாடம் அள்ளுவது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளின் வேலை. சீசனில் குப்பை பெருகும்போது ஆட்களும் அதற்கேற்பக் கூட வேண்டும். மானியக் கோரிக்கை விவாதத்தில் இதற்கான தனி நிதியைக் கேட்டு வாங்குவதுதான் உறுப்பினரின் வேலை. கொட்டகை திறந்து பெயர்ப்பலகை வைப்பதைவிட இது பயன்தரும்.

நம்பிக்கை: காகிதக் கப்பும் துணி மாதிரிப் பையும் இயற்கைக்கு நல்லவை.

உண்மை: 2019இல் தமிழ்நாடு தடை செய்த 14 வகைப் பொருட்களில் இரண்டும் உண்டு. காகிதக் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அது இல்லாவிட்டால் சூடான டீயில் காகிதம் ஊறிப்போகும். ஜவுளிக்கடையில் தரும் நெய்யாத பை பார்வைக்குத் துணி, பொருளால் பிளாஸ்டிக். கண்ணாடி டம்ளரும், டபராவும், பருத்தி மஞ்சப்பையும்தான் சரியான மாற்று. நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உண்டு. மலைக்கு வருபவர்கள் வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டுவருவது நல்லது.

நம்பிக்கை: குப்பையைத் தொட்டியில் போட்டால் போதும், மீதியை மறுசுழற்சி பார்த்துக்கொள்ளும்.

உண்மை: தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொள்ளும் காயலான் கடைக்காரர் சிப்ஸ் பாக்கெட்டைத் தொடமாட்டார். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பிரித்தெடுப்பது கடினம், விலையும் போகாது. விலை போகாத பொருள் ஓடையில் கிடக்கும், இல்லையென்றால் காட்டு விலங்கின் வயிற்றுக்குள் போகும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த கர்ப்பிணி யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது.

காலிப் பொருளுக்கு விலை இருந்தால் என்ன நடக்கும் என்பதை நீலகிரியே காட்டியது. 2022 மே 15 முதல் மாவட்டத்தின் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு ரூ.10 கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தந்தார்கள். பாட்டில்கள் பெருமளவில் கடைக்குத் திரும்பின. திட்டம் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. அறிவுரைப் பலகைகளால் ஆகாதது பத்து ரூபாயால் ஆனது. பிளாஸ்டிக் உறைகளுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. அந்தப் பொறுப்பு மலை வரை ஏறி வரவேண்டும். அதற்கு உறுப்பினர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்பிக்கை: குளிர் ஊரில் ஏசி கிடையாது. மின்சாரத்தில் சேமிக்க என்ன இருக்கிறது?

உண்மை: குளிரவைக்க மட்டுமல்ல, சூடேற்றவும் மின்சாரம் செலவாகும். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பை 100 மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம். அதே 2,000 வாட் அளவுள்ள ரூம் ஹீட்டரை இரவில் எட்டு மணி நேரம் ஓடவிட்டால் 16 யூனிட். விடுதியின் முப்பது அறைகளிலும் ஓடினால் ஒரே இரவில் 480 யூனிட். பல்பை மாற்றிவிட்டு மின்சிக்கனம் செய்துவிட்டோம் என்று விடுதிக்காரர் நினைத்தால், செலவின் பெரும்பகுதியை அவர் தொடவே இல்லை.

வழிகள் கைக்கு எட்டியவைதான். ஜன்னல் இடுக்குகளை அடைத்தால் அறைச் சூடு வெளியேறாது. சூரியச் சுடுநீர்க் கருவி வெயில் நாட்களில் கீசருக்கு ஓய்வு தரும். ஹீட் பம்ப் சாதாரணக் கீசர் எடுப்பதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கும். சோலார் பேனலுக்குக் குளிர் எதிரி அல்ல. பேனல் சூடேறினால்தான் அதன் திறன் குறையும். பனிமூட்டமும் மேகமும் மின் உற்பத்தியைக் குறைக்கும்.

நம்பிக்கை: அணைகள் நம் மலையில், ஆகவே மின்சாரமும் நமதே.

உண்மை: 1932இல் பைக்காராவில் தொடங்கி, பிறகு குந்தாவில் வளர்ந்த நீர்மின்சாரம் மாநிலம் முழுவதற்குமான மின்தொகுப்பில் சேர்கிறது. நீர்மின்சாரத்தின் அருமை, தேவை உச்சத்துக்குப் போகும் வேளையில் உடனே தர முடிவதில் இருக்கிறது. மாலை உச்ச நேரத்தில் இங்கே வீணாகும் ஒவ்வொரு யூனிட்டையும் வேறெங்கோ நிலக்கரி எரித்து ஈடுகட்ட வேண்டிவரும்.

சுற்றுலா, குப்பை, மின்சாரம் என்று தனித்தனித் துறைகளாக நாம் பிரித்துப் பேசினாலும் மலையில் மூன்றும் ஒரே கணக்கு. எத்தனை பேர், எந்த வண்டியில் வருகிறார்கள் என்பது முதல் வரி. குப்பையும் யூனிட்டும் அதற்குக் கீழே வரும் வரிகள். முதல் வரியைத் தொடாமல் மற்ற இரண்டையும் சரிசெய்ய முடியாது. அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சீசன் குப்பைக்கு எவ்வளவு தனி நிதி வாங்கினீர்கள்? பத்து ரூபாய்த் திட்டத்தைப் பிளாஸ்டிக் உறைகளுக்கும் கொண்டுவர அவையில் பேசினீர்களா? புதிய விடுதிக்கு அனுமதி தரும்போதே சூரியச் சுடுநீர்க் கருவியைக் கட்டாயமாக்கச் சொன்னீர்களா? கேட்கும் வாக்காளர்கள் இருந்தால்தான் பேசும் உறுப்பினருக்கு வலு.