காற்றின் முப்படி

தாமிரபரணிக் கால்வாய் எட்டாத கிணற்றுப் புஞ்சை எங்களுடையது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கூரை ஓடுகளையே தூக்கும். கயத்தாற்றுக் காற்றாலைகளைப் பார்த்த அப்பா, "ஏல, இந்தக் காத்துல நம்ம மோட்டார் ஓடாதா?" என்றார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவன் நான். கணக்குப் போட்டேன்.

காற்றின் திறன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் அமையும். 2 மீட்டர் விட்டமுள்ள விசிறியின் பரப்பில் நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று சுமார் 235 வாட் கொண்டுவரும். பெட்ஸ் விதிப்படி 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கவியலாது. சிறு விசிறிக்கு 30 கிடைத்தாலே பெரிது. ஆக, 70 வாட். வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு, 560 வாட். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கோ 3,730 வாட் வேண்டும்!

"மோட்டார் ஓடாதுப்பா, தொழுவத்து விளக்கும் என் படிப்பு விளக்கும் எரியும். ஆனால், மரங்களுக்கு மேலே தூக்கி நிறுத்தணும்" என்றேன். அப்பா வரப்புப் பனையை அண்ணாந்து பார்த்தார்.