குருத்தில் கை வைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டுத் தொட்டியில் மூன்றடி உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. நர்சரியில் 'அரக்கேரியா' என்று சொல்லிக் கொடுத்தார்கள். போன டிசம்பரில் பிள்ளைகளின் ஆசைக்காக வராந்தாவிலிருந்து ஹாலுக்குத் தூக்கி வந்து சீரியல் லைட் சுற்றினோம். ஜனவரியில் பார்த்தால் அடிக்கிளைகள் இரண்டு காய்ந்து பழுப்பாகிவிட்டன. பல்பு சூடுதான் காரணம் என்கிறார் மாமியார். இந்த வருடமும் கட்டலாமா? உச்சியில் நட்சத்திரம் நிற்க மாட்டேன் என்கிறது, நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அரக்கேரியாவுக்கு உயிர்நாடியே அந்த நடுக்குருத்துதான். அதிலிருந்துதான் அடுக்கடுக்காகக் கிளை விரிகிறது. நறுக்கினால் கோபுரம் போன்ற அந்த அழகு போய்விடும். பக்கக் கிளையை வெட்டி நட்டாலும் பயனில்லை. வேர் பிடித்தாலும் அது கிளையாகவே படுத்து வளருமே தவிர, மரமாக நிமிராது. நட்சத்திரத்துக்கு ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தொட்டி ஓரமாக ஊன்றி, குருத்துக்குச் சற்று மேலே வருமாறு கட்டிவிடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் குச்சி தெரியாது.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. பழைய கண்ணாடி பல்பு சரமாக இருந்தால் சூடு படும். எல்.இ.டி. என்றால் அந்தக் கவலை இல்லை. அரை மணி நேரம் எரியவிட்டு ஒரு பல்பை விரலால் பிடித்துப் பாருங்கள். உங்கள் விரல் பொறுக்காததை இலையும் பொறுக்காது.

ஆனால் எனக்குச் சந்தேகம் லைட் மீதல்ல, ஹால் மீது. வெளிச்சமான வராந்தாவில் பழகிய செடியைத் திரைச்சீலை போட்ட மூலையில், ஃபேன் காற்றுக்கு நேராக நிறுத்தியிருப்பீர்கள். வயர் சுற்றியிருக்கிறதே என்று பயந்து யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். தொட்டிக்கு ஜிகினாத் தாள் வேறு சுற்றியிருந்தால், ஊற்றிய கொஞ்சமும் அடியில் தேங்கி வேரை அழுகச் செய்திருக்கும். இந்த முறை ஜன்னலோரமாக வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகு நீர் ஊற்றுங்கள். சரத்தைக் கிளை நுனியில் தொங்கவிடாமல் தண்டையொட்டி, லேசாகச் சுற்றுங்கள். படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். பனி மாதிரி இருக்கட்டும் என்று ஸ்ப்ரே அடிப்பதும் பஞ்சு ஒட்டுவதும் வேண்டாம். பஞ்சில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

உங்கள் பக்கம் சவுக்குக் கிளையை வெட்டி வந்து ஜோடிக்கும் வழக்கம் உண்டு. அது பண்டிகை முடிந்தால் அடுப்புக்குப் போய்விடும், என்ன செய்தாலும் கேட்காது. அரக்கேரியா அப்படியல்ல. 1774-இல் கேப்டன் குக் பசிபிக் கடலின் நார்ஃபோக் தீவில் இறங்கியபோது கண்ட மரங்களின் இனம். அங்கே ஐம்பது மீட்டருக்கும் மேல் உயர்கிறது. பைன் என்று அழைத்தாலும் பைன் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

சிவப்பு இலைக்காக பாய்ன்செட்டியா வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இலை நிறம் மாற அதற்கு வாரக்கணக்கில் நீண்ட இருட்டு இரவுகள் வேண்டும். அக்டோபரிலிருந்தே ராத்திரி விளக்கொளி படும் இடத்தில் வைத்தால் பச்சையாகவே நிற்கும்.

காய்ந்த உங்கள் அடிக்கிளைகள் மறுபடி துளிர்க்காது. தண்டையொட்டி நறுக்கி எடுத்துவிடுங்கள். அங்கே விழும் இடைவெளியில் குடிலை வைத்துக்கொள்ளலாம்.