அணைக் காவலும் பாவனை விளையாட்டும்

ஒரு தொழிலின் இடர்களை, அவை நேருமுன்னரே பழகிக்கொள்வதற்கென அமைக்கப்படும் ஆட்டத்தைப் பாவனை விளையாட்டு என்பர். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் படையதிகாரி, நிலப்படமும் சிறு கட்டைகளும் பகடையும் கொண்டு அமைத்த போர் விளையாட்டு அந்நாட்டு அதிகாரிகளுக்குப் பாடமாயிற்று. பின்னர் விமானிகள், மருத்துவர்கள் எனப் பல தொழிலினரும் இம்முறையை மேற்கொண்டனர். இந்நாளில் கணிப்பொறி இதற்குப் பெருந்துணை; ஆயினும் வெள்ளக் காப்புப் பயிற்சிக்கு ஒரு மேசையும் சில காகிதத் துண்டுகளுமே போதும்.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இதன் தேவை நன்கு விளங்கும். பரம்பிக்குளம் அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். அதனை இயக்குவதோ தமிழ்நாடு. இடுக்கி மாவட்டத்து முல்லைப் பெரியாறு அணையின் நிலையும் அதுவே. 2022 செப்டம்பர் 21 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுக் கதவுகளுள் ஒன்று, எடைச் சமன் கட்டையின் சங்கிலி அறுந்தமையால் பெயர்ந்து போயிற்று. வினாடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. கீழுள்ள ஊர்கள் உறங்கும் நேரத்தில், எச்சரிக்கைச் செய்தி மாநில எல்லையையும் மொழி எல்லையையும் கடக்க வேண்டியிருந்தது.

இத்தகைய இரவையே மேசைப் பயிற்சி நடித்துக் காட்டுகிறது. வட்டாட்சியர், பொறியாளர், தீயணைப்பு அலுவலர், மின்வாரியத்தார் ஆகியோர் ஆற்றின் வரைபடத்தைச் சூழ்ந்து அமர்வர். நடத்துநர் ஒவ்வொரு துண்டாக நீட்டுவார்: கதவு பெயர்ந்தது, தொலைபேசி இயங்கவில்லை, பாலத்தின் மேல் நீர் ஏறிற்று. சில மணி நேர நிகழ்ச்சி சில நிமிடங்களுள் அடங்கும். தவறுகள் அங்கே வெளிப்படும். ‘20,000’ என்று எண்ணை மட்டும் குறித்து அலகை விடுத்த துண்டு ஒன்றைக் கருதுக. அஃது கன அடியாயின், சுமார் 566 கன மீட்டரே ஆகும். கன மீட்டரென்று கொள்பவர் வெள்ளத்தை 35 மடங்கு மிகுத்துக் கணிப்பார். இப்பிழையை விரிவுரையில் கேட்பவர் மறக்கக்கூடும்; தாமே செய்தவர் எளிதில் மறவார். ஆட்டம் முடிந்தபின், எவர் எச்செய்தியை எப்பொழுது பெற்றார், என்ன செய்தார் என்று ஆராய்தலே பயிற்சியின் உயிர்ப்பகுதி. நேரமின்மை கூறி அதனைக் கைவிடுவோர் பலர்; அவர்கள் நடத்தியது வெறும் பொழுதுபோக்கே.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் முறைப்படி, மேசைப் பயிற்சியை அடுத்துக் கள ஒத்திகை வரும். களத்தில் பாவனைக்கு எல்லை உண்டு. வெள்ளம் கற்பனையாயினும் ஆறு மெய்யானது. 2022 டிசம்பர் 29 அன்று கேரளத்தில் நடந்த ஒத்திகையில், பத்தனம்திட்டை மாவட்டத்து மணிமலை ஆற்றில், வெள்ளத்தில் சிக்கியவராக நடிக்க இறங்கிய ஓர் இளைஞர் மூழ்கி உயிரிழந்தார். ஆதலால் கயிறு, மிதவைச் சட்டை, படகு, நீந்த வல்லார், மருத்துவ ஊர்தி ஆகியன ஆயத்தமாய் உள்ளனவா என்பதை நடத்துநர் நேரிற் கண்டறிந்த பின்னரே எவரையும் நீரில் இறங்க விடவேண்டும். பள்ளிகளில் ஆசிரியர்கள் மேசைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.