கிளட்ச் பெடல் ஆடுதா?

தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு மீன் ஏற்றப் போகும் பழைய பிக்கப்பில் பெடல் லொடலொடவென்று ஆடினால், உடனே கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள். பல நேரம் கோளாறு பெடலிலேயே இருக்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலைக் கையால் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது. மிதிக்கும்போது 'டக்'கென்றால் புஷ்ராடு பின்னைக் கழற்றிப் பாருங்கள். பெடலில் அது நுழையும் வட்டத் துளை முட்டை வடிவில் நீண்டிருக்கும். பின்னை மட்டும் மாற்றுவது வெட்டிச் செலவு. பெடலை வெளியே எடுத்து, துளையை வெல்டிங்கால் அடைத்து, பின்னின் அளவுக்குப் புதிதாகத் துளை போட வேண்டும். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிக்க விடாதீர்கள்.

உப்புக்காற்றும் மீன் தண்ணீர் சொட்டும் செருப்பும் சேர்ந்தால் ரிட்டர்ன் ஸ்பிரிங் சீக்கிரம் துருவேறும். பெடல் கழன்றிருக்கும்போதே அதையும் மாற்றி, புஷ்ஷுக்கு கிரீஸ் வையுங்கள்.

ஆயில் கிளட்ச் என்றால் பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மூடியில் போட்டிருக்கும் டாட் எண்ணுள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் பட்டால் உள்ளே ரப்பர் உப்பிவிடும்.

ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம், அதைச் சரிசெய்வது கடைசி வேலை. அதைச் சரியாக வைத்தாலும், நேரு வீதி நெரிசலில் பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுபவர்களுக்கு ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போகும்.