மணலைக் கூட்டும் புழுக்கள்



சென்ற தவணையில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி, தன் மீன்தொட்டிக்கு இரையாக வாங்கிய செம்புழுக்களைக் குப்பியொன்றில் கொண்டுவந்தாள். அடியில் கிடந்த மணல் சிறு குவியல்களாகியிருந்தது. “சேர், இவை ஏன் மணலைக் கூட்டுகின்றன? இவற்றுக்குத் தலைவன் உண்டா?” என்று வினவினாள். “தலைவன் இல்லை, ஒற்றுமையாக உழைக்கின்றன” என்றேன். அவ்விடையின் பிற்பகுதி பிழை. அதைத் திருத்தவே இதனை எழுதுகின்றேன்.

ரியூபிபெக்ஸ் எனப்படும் இப்புழு மண்புழுவின் உறவினம். நீளம் சில சென்ரிமீற்றர். தடிப்போ ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. குருதியிலுள்ள ஈமோகுளோபின் இதற்குச் செந்நிறத்தைத் தருவதோடு, ஒட்சிசன் அருகிய சேற்றில் வாழவும் உதவுகின்றது. தலையைச் சேற்றிற் புதைத்து, வாலை நீரில் அசைத்தபடி இருக்கும்.

பௌதிகவியலாளரின் கண்ணுக்கு இது தானாக அசையும் நெகிழ்வான இழை. இறப்பர், பிளாஸ்ரிக் போன்ற பல்பகுதியங்களின் மூலக்கூறுகளும் நீண்ட இழைகளே. ஆயினும் அவை அயல் மூலக்கூறுகள் மோதுவதால் மட்டுமே அசைகின்றன. புழுவோ தன் உணவிலிருந்து பெற்ற சக்தியால் அசைகின்றது. மூலக்கூற்றைக் கண்ணாற் காண இயலாது, புழுவைக் காணலாம். ஆய்வாளர் புழுவை நாடிய காரணம் இதுவே.

நாம் வாழும் இந்நாட்டின் ஆம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர், தூண்கள் நெருக்கமாக நிறுத்தப்பட்ட வாய்க்காலொன்றில் நீரோட்டத்துடன் புழுக்களை விட்டனர். அதன் முடிவு 2022இல் வெளியாயிற்று. சுறுசுறுப்பான புழுவும் மந்தமான புழுவும் தூண்களிடையே வெவ்வேறு வடிவில் வளைந்து கிடப்பதால், அவற்றை நீர் இழுத்துச் செல்லும் வேகமும் வேறுபட்டது. நீளத்தால் மட்டுமன்றி, சுறுசுறுப்பாலும் இழைகளைத் தரம்பிரிக்கலாம் என்பது இதனாற் புலனாயிற்று.

மணலுக்கு வருவோம். தூண் அசையாத தடை. மணற்பரலோ தள்ளினால் நகரும் தடை. புழு நெளியும்போது அதன் உடல் பரல்களைத் தள்ளுகின்றது. தள்ளப்பட்ட பரல் தானாகத் திரும்பி வராது. அயற்பரலோடு சேர்ந்து கிடக்கும். மீண்டும் மீண்டும் இவ்வாறு நிகழ, சிறு குவியல்கள் இணைந்து எண்ணிக்கையிற் குறைந்து, பருமனிற் கூடுகின்றன. மூளையோ புலனோ இல்லாத இழைகளைக் கணனியில் அமைத்துப் பார்த்தபோது, அவையும் அவ்வாறே பரல்களைக் குவித்தன! ஆகவே இங்கே ஒற்றுமையும் இல்லை, நோக்கமும் இல்லை. நெகிழ்வும் இடையறாத அசைவுமே போதும்.

(புழுக்கள் தம்முள் பின்னிப் பந்தாவது வேறு விடயம். இவற்றின் உறவான கரும்புழுக்கள் பின்னிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். ஆபத்து நேரின் கணப்பொழுதிற் பிரிந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் 2023இல் இதன் கணிதத்தை விளக்கினர். அதனைப் பின்னர் படிப்போம்.)

அம்மாணவியை மீண்டும் குப்பியைக் கொண்டுவரும்படி கேட்டுள்ளேன். தட்டையான தட்டொன்றில் நீரூற்றி, மணல் தூவி, ஒரேயொரு புழுவை மட்டும் விட்டுப் பார்க்கப் போகின்றோம்.