ஆளைவிட நாள் முக்கியம்

சிறிய அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளின் குழாய், வடிகால் பணிகளுக்கு டெண்டர் போட ஆசை. ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும் என்கிறார்களே?
– வாசகர், சேத்தூர்

ஆளைவிட நாளைத் தெரிந்து வைத்திருங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லும் அதன் விதிகள் 2000-லும் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் என்பது பொது விதி. அரசின் மின்டெண்டர் தளத்தைத் தினமும் பாருங்கள். ஒப்பந்ததாரர் பதிவையும் டிஜிட்டல் கையொப்பத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். அறிவிப்பு வந்தபின் ஓடினால் நாள் போதாது.

விலை எழுதுமுன் தெருவை நடந்து பாருங்கள். பலர் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். திருமங்கலம்–கொல்லம் சாலை இரண்டு ஊர்களுக்குள்ளும் போகிறது. அது தேசிய நெடுஞ்சாலை 744. அதில் பள்ளம் தோண்ட நகராட்சி அனுமதி மட்டும் போதாது, நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியும் வேண்டும். அதை யார் வாங்குவது, வெட்டிய சாலையைச் சீரமைக்கும் செலவு யாருடையது என்று ஏலத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். ராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கப் பக்கம் வேலை என்றால் வனத்துறையையும் விசாரியுங்கள். மேற்கே 2021-இல் அறிவித்த புலிகள் காப்பகம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளிலோ, ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முன்பே பள்ளத்தை மூடும்படி வேலையைத் திட்டமிடுங்கள்.

அடிமாட்டு விலை போடாதீர்கள். தகுதியிருந்தும் தள்ளிவிட்டால், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.